முள்ளெலியும் தூபா வேரும்

‘தோட்டம்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் மலேசியத் தமிழரின் உள்ளத்தில் எழும் காட்சி பூவும் காயும் அன்று. நேர்நிரையாய் நிற்கும் ரப்பர் மரங்களும், விடியற்காலைப் பெரட்டுக் களமும், லயன் வீடுகளுமே கண்முன் வந்து நிற்கும். ஆகவே, ஆங்கில நாட்டுச் சிற்றூர்க் குடிசைகளைச் சூழ்ந்திருந்த சிறு நிலங்களைப் பற்றி எழுதப் புகும் நான், குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு அவற்றைக் ‘கொல்லை’ என்றே வழங்க விரும்புகிறேன். லயன் வீட்டின் பின்புறத்தில் நம் பாட்டிமார் முருங்கையும் கத்தரியும் வெண்டையும் வளர்த்த துண்டு நிலத்தை மனத்திற் கொண்டால், ஆங்கிலக் கொல்லையும் நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. என் பாட்டி விடியலில் அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து, பனி காயுமுன் கத்தரி இலைகளின்மேல் தூவுவார். ஏன் என்று கேட்டால், “பூச்சிக்கு” என்ற ஒரு சொல்லே விடை. அதே வேளையில் ஓர் ஆங்கிலக் கிழவி கணப்படுப்பின் புகைக்கரியை முட்டைக்கோசு நாற்றைச் சுற்றித் தூவியிருப்பாள் என்பதை நான் அறிந்தது பல்லாண்டுகளுக்குப் பின்னரே.

அக்கொல்லைகளை உலகுக்கு அழகாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஹெலன் ஆலிங்ஹாம் (1848–1926) என்னும் ஓவியப் பெண்மணி. அவருடைய நீர்வண்ணப் படங்களில் வைக்கோல் கூரையும், வாயிலில் உயர்ந்து நிற்கும் ஹாலிஹாக் மலர்களும், வேலியருகே கைக்குழந்தையுடன் நிற்கும் தாயும் இருப்பர். பூச்சி அரித்த இலையை அப்படங்களில் நாம் எளிதிற் காண்பதற்கில்லை. உண்மையில் அக்கொல்லை பொழுதுபோக்கிற்காக ஏற்பட்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம், ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டு அடைத்துத் தனியுடைமையாக்கும் சட்டங்களை ஆங்கில நாடாளுமன்றம் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றியது. ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த உரிமையைப் பண்ணைக் கூலியாட்கள் இழந்தனர். எஞ்சியது வீட்டைச் சுற்றியிருந்த துண்டு நிலமே. முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, வெங்காயம், அவரை ஆகியவற்றைப் புழு தின்றது போக மிஞ்சியதுதான் குளிர்கால உணவு. அங்கே பூச்சியோடு நிகழ்ந்தது வயிற்றுக்கான போராட்டம்.

கூலியாளிடம் காசில்லை, இருந்தாலும் வாங்குவதற்கு நஞ்சு கடையில் இல்லை. ஆகவே கைக்கு எட்டிய பொருள்களே அவனுக்குத் துணைநின்றன. சிறுவர்கள் புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினர். துணி துவைத்த சவர்க்கார நீர் அசுவினி மொய்த்த அவரைத் தண்டின்மேல் ஊற்றப்பட்டது. இரவில் முட்டைக்கோசு இலையொன்றைத் தரையில் கவிழ்த்து வைத்தால், விடியலில் ஓடில்லா நத்தைகள் அதனடியில் ஒதுங்கியிருக்கும்; அவற்றை எடுத்துக் கோழிக்குப் போடுவர். புகையிலை ஊறிய நீர் வலிமை மிக்கதுதான். ஆனால் அது வசதியுள்ளோருக்கே உரியது. எல்டர் என்னும் குறுமரத்தின் இலையை நசுக்கினால் எழும் கெட்ட வாடை பூச்சிகளை விரட்டும் என்பது நாட்டு மக்களின் நம்பிக்கை. 1772-ஆம் ஆண்டில் கிறிஸ்டபர் கல்லட் என்பவர், எல்டர் தழைகளால் பயிரை வருடினால் பூச்சிகள் அணுகுவதில்லை என்று விரிவாகக் கடிதம் எழுத, இலண்டன் ராயல் சங்கம் அதனைத் தன் ஆய்விதழில் வெளியிட்டது. குடிசையின் பின்புறத்து வழக்கம் அறிஞர் அவையேறிய அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

இவற்றையெல்லாம்விட மேலான துணைவர்கள் கொல்லையிலேயே குடியிருந்தனர். அவர்களுள் முதல்வன் முள்ளெலி. பகலில் வேலியோரச் சருகுக்குள் சுருண்டு உறங்கி, இரவில் வெளிவந்து, வண்டு, புழு, ஓடில்லா நத்தை ஆகியவற்றைத் தின்று திரியும் இச்சிற்றுயிர் கூலி வாங்காத காவற்காரன் எனலாம். ஆனால் அதன் வரலாறு கொடியது. 1566-ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், தானியப் பாதுகாப்பிற்கென ஒரு சட்டம் நிறைவேறியது. தீங்குயிர்கள் எனக் கருதப்பட்டவற்றின் தலையைக் கொண்டுவந்து காட்டுவோர்க்கு ஊர்த் தேவாலயக் காப்பாளர் பணம் தர வேண்டும் என்பது அச்சட்டம். நரிக்கும் வளைக்கரடிக்கும் பன்னிரண்டு பென்னி. நீர்நாய்க்கும் முள்ளெலிக்கும் இரண்டு பென்னி. மீன்கொத்தியும்கூட அப்பட்டியலில் இடம்பெற்றது.

தானியத்தைத் தொடாத முள்ளெலி எவ்வாறு தானியப் பகையாயிற்று? இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் வாய்வைத்துப் பாலை உறிஞ்சிவிடும் என்று மக்கள் நம்பினர். கறவையில் பால் குறைந்த நாளில் பழி சுமத்த ஓர் உயிர் வேண்டியிருந்தது. அருகில் முள்ளெலி இருந்தது. பசுவைச் சுற்றியுள்ள புல்லில் புழு பூச்சிகள் மிகுதியாக இருக்கும்; அவற்றைத் தேடி வந்த முள்ளெலியைக் கண்டவர் பாலுக்கு வந்ததாக எண்ணினர் போலும். எவ்வாறாயினும், நாட்கூலியே சில பென்னிகளாக இருந்த காலத்தில் இரண்டு பென்னி ஏழைக்குச் சிறு தொகையன்று. ஊர்தோறும் தேவாலயக் கணக்கேடுகளில் மண வரவும் மணி பழுதுபார்த்த செலவும் எழுதப்பட்ட அதே பக்கங்களில், முள்ளெலித் தலைகளுக்குக் கொடுத்த பணமும் வரிவரியாகப் பதிவாகியுள்ளது. தன் கோசுச் செடியைக் காத்த உயிரின் தலையை அறுத்து, அக்கூலியாள் ஒருவேளை ரொட்டி வாங்கினான். இச்சட்டம் ஏட்டிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டது 1863-ஆம் ஆண்டில்தான்.

தேரையின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அது நஞ்சுடையது, சூனியக்காரியின் தோழன் என்றெல்லாம் பழித்தனர். ஆயினும் கண் திறந்து பார்த்தவர்களும் இருந்தனர். செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், தம் ஊரின் இயற்கை வரலாற்றை 1789-ஆம் ஆண்டில் நூலாக்கினார். அதில் ஒரு தேரையின் கதை வருகிறது. சில பெண்கள் கொல்லைப் படிக்கட்டின் கீழ்ப் பொந்தில் வாழ்ந்த தேரையொன்றைப் பல கோடைகள் புழு ஊட்டி வளர்த்தனர். அது மாலைதோறும் வெளிவரும். இரவுணவிற்குப் பின் மேசைமேல் ஏற்றி அதற்கு உணவளிப்பர். ஒருநாள், வீட்டில் வளர்த்த அண்டங்காக்கை கொத்தியதில் ஒரு கண்ணை இழந்து, சில நாள் நலிந்து அது மாண்டது. பாதிரியார் இதனைக் கேலியாகவே தொடங்குகிறார். முடிக்கும்போது கேலி மறைந்துவிடுகிறது.

பொறிவண்டின் நற்பேறு வேறு. அதன் ஆங்கிலப் பெயரே கன்னி மரியாளின் பெயரைத் தாங்கியது. ஆகவே அதைக் கொல்ல எவரும் துணியவில்லை. பொறிவண்டும் அதன் குஞ்சுப் புழுவும் அசுவினியைத் தின்று தீர்ப்பதைக் கெண்ட் மாவட்டத்து ஹாப்ஸ் கொடி பயிரிடுவோர் நன்கறிந்திருந்தனர். சார்லஸ் டார்வினின் பாட்டனாராகிய எராஸ்மஸ் டார்வின், 1800-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஃபைட்டாலஜியா’ என்னும் நூலில், அசுவினியை உண்ணும் பூச்சிப் புழுக்களைப் பெருக்கிப் பயிரில் விடலாம் என்று எழுதினார். அக்கருத்து நெடுங்காலம் நூலிலேயே உறங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியது. எலினோர் ஆர்மராட் (1828–1901) என்னும் அம்மையார் பல்கலைக்கழகம் காணாமலே தாமாகப் பயின்று பூச்சியியல் வல்லுநர் ஆனவர். 1877 முதல் ஆண்டுதோறும் பயிர்ப்பூச்சிகள் பற்றி அறிக்கை வெளியிட்டார். 1900-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அவ்வகையில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் ஆர்செனிக் கலந்த ‘பாரிஸ் பச்சை’ என்னும் நஞ்சினைப் பழமரங்களின்மேல் தெளிக்கும்படி ஆங்கில உழவரை ஊக்கியவரும் அவரே. சிட்டுக்குருவிகளை ஒழிக்க வேண்டும் என்று விடாது வாதாடியவரும் அவரே. சிட்டுக்குருவி தானியம் தின்பது மெய். தன் குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும் என்பதும் மெய். ஊர்தோறும் ஏற்பட்ட குருவிக் கழகங்கள் முன்னதை மட்டும் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு எனப் பணம் தந்தன. 1566-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு உருவில் மீண்டது எனலாம்.

இனி இக்கதை நம் மண்ணுக்கு வருகிறது. சிங்கப்பூரில் ஆக்ஸ்லி சாலை என ஒன்று இருப்பதை மாணவர் பலர் அறிவர். அப்பெயருக்குரிய மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி, அப்பகுதியில் சாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். 1848-ஆம் ஆண்டில், சாதிக்காய் வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், மரத்தைத் தாக்கும் பூச்சிகளுக்குத் தூபா வேரைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டார். இவ்வேரின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைப் பற்றி அச்சேறிய முதற்குறிப்பு இதுவே என வரலாறு எழுதுவோர் கூறுவர். ஆனால் இது ஆக்ஸ்லியின் கண்டுபிடிப்பு அன்று. மலாய் மக்கள் எத்தனையோ தலைமுறைகளாகத் தூபாக் கொடியின் வேரை நசுக்கி ஆற்றுநீரில் கலந்து மீன் பிடித்து வந்தனர். வேரிலிருந்து பால் போன்ற வெண்ணீர் பரவும். மீன்கள் மயங்கி மிதக்கும். அவற்றை உண்பவர்க்குத் தீங்கில்லை. காய்கறி பயிரிட்ட சீனர்கள் அதே நீரைக் கீரைப் பாத்திகளில் தெளித்தனர். அவர்களுள் ஒருவருடைய பெயரும் ஏட்டில் இல்லை. “ஆயேர் சூசு டிபாலாஸ் டெங்ஙான் ஆயேர் தூபா” என்னும் மலாய்ப் பழமொழியை நம் பள்ளிப் பிள்ளைகளும் மனனம் செய்திருப்பர். பால் கொடுத்தவனுக்குத் தூபா நீரைத் திருப்பிக் கொடுத்தல் என்பது பொருள். இரண்டும் வெண்மை, ஒன்று உயிர் வளர்ப்பது, மற்றொன்று உயிர் வாங்குவது. பழமொழியில் வழங்கும் அளவுக்கு அம்மக்கள் அந்த நஞ்சினை அறிந்திருந்தனர்.

அறிவியலார் அதனை வேறு பெயரிட்டு வரவேற்றனர். செடிக்கு ‘டெர்ரிஸ்’ என்று பெயர். அதன் நஞ்சினை 1902-இல் நாகாய் என்ற ஜப்பானியர் பிரித்தெடுத்து, ‘ரோட்டெனோன்’ எனப் பெயரிட்டார்; அதன் வேதியல் அமைப்பு 1932-இல் தெளிவாயிற்று. உயிரணு மூச்சுவிடும் வழியை அடைப்பதே அதன் வேலை. வெயிலிலும் காற்றிலும் சில நாட்களில் சிதைந்துவிடுவதால், ஆர்செனிக்கைப் போல மண்ணில் தங்குவதில்லை. இந்தக் குணமே அதற்கு நற்பெயர் தேடித் தந்தது. 1930-களில் மலாயாவின் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே தூபா ஊடுபயிராக நடப்பட்டது. காய்ந்த வேர் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அரைபட்டு, டப்பாவில் அடைபட்டு, ‘டெர்ரிஸ் தூள்’ என்ற பெயருடன் சிற்றூர்க் கடைகளில் அமர்ந்தது. ஆங்கிலக் கிழவி புகைக்கரியை விடுத்து இத்தூளைக் கோசுப் புழுவின்மேல் தூவலானாள். அதன் பிறப்பிடம் எது என்று டப்பாவைத் திறந்தவருள் எத்தனை பேர் வினவியிருப்பர்?

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. தூபா வேரின் வரவு அறுந்தது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் காய்கறி பயிரிடுமாறு பிரிட்டிஷ் அரசு மக்களை முடுக்கிக் கொண்டிருந்த காலம் அது. மிகவும் தேவைப்பட்ட வேளையில் டெர்ரிஸ் அரிதாயிற்று. தென்னமெரிக்காவில் விளையும் வேறொரு செடியின் வேரை நேச நாடுகள் நாடின. அவ்விடைவெளியில்தான், பால் முல்லர் என்ற சுவிஸ் நாட்டவர் 1939-இல் பூச்சிக்கொல்லி எனக் கண்ட டி.டி.டி. மேடையேறியது. போர் முடிந்ததும் அது கொல்லைக்குள்ளும் புகுந்தது.

அது அழித்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்குச் சொல்ல வேண்டும். 1926-ஆம் ஆண்டில், இலண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ என்னும் ஊரில் தக்காளி வளர்த்த ஒருவர், கண்ணாடிக் கூடத்துச் செடிகளில் இருந்த வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்களுள் சில கறுத்திருக்கக் கண்டார். அதனைச் செஷண்ட் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த ஸ்பையர் என்பவரின் பார்வைக்குக் கொண்டு சென்றார். கறுத்தவற்றுள் இருந்தது என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி; குண்டூசித் தலையினும் சிறியது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதனை உள்ளிருந்தே தின்றுவிடும். சில ஆண்டுகளிலேயே அந்நிலையம் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் குளவிகளை வளர்த்து வழங்கலாயிற்று. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூட அவை சென்றன. எராஸ்மஸ் டார்வின் கனவு கண்டது நனவாயிற்று என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் போருக்குப் பின் புதிய மருந்துகள் மலிவாகக் கிடைத்தவுடன் குளவி வளர்ப்பு கைவிடப்பட்டது. வெள்ளை ஈ மருந்துக்குப் பழகிப்போன பின்னரே, 1970-களில், மக்கள் குளவியை மீண்டும் தேடினர்.

பழமரங்களில் நிகழ்ந்ததும் இதுவே. முன்னாளில் பொருட்படுத்தப்படாத செஞ்சிலந்திப் பேன், அதனைத் தின்ற பூச்சிகளை மருந்து கொன்ற பின், பெரும்பகையாக எழுந்தது. 1962-இல் அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ உலகை உலுக்கியது உண்மை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் எசெக்ஸ் மாவட்டத்தில் ஹென்றி டபிள்டே ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அச்சங்கத்தின் முறை என்னைக் கவர்ந்தது. உறுப்பினர் தத்தம் கொல்லையிலேயே பழைய வழக்கங்களைச் சோதித்து, பலித்ததா இல்லையா என்று எழுதியனுப்புவர். பாட்டி சொன்னாள் என்பதற்காக ஏற்பதுமில்லை; பாட்டி சொன்னாள் என்பதற்காகத் தள்ளுவதுமில்லை.

அவ்வாறு சோதித்ததில் சில வழக்கங்கள் நின்றன, சில சரிந்தன. துலுக்கச் சாமந்தியின் வேர் கசிவிக்கும் பொருள் மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்வது மெய்யே. ஆனால் பழைய ஆங்கிலக் கொல்லையில் வளர்ந்த ‘மேரிகோல்டு’ வேறு செடி; பெயர் ஒன்றாயிருத்தலால் புகழும் இடம் மாறிவிட்டது. வெங்காயத்தைக் கேரட்டோடு நட்டால் கேரட் ஈ வராது என்பர். 1984-இல் வெளிவந்த ஆய்வொன்று, வெங்காயத் தாள் தழைத்து வளரும் வரையில்தான் அப்பயன் உண்டென்றும், கிழங்கு திரளத் தொடங்கியதும் அது நின்றுவிடும் என்றும் காட்டியது.

இவற்றினும் வியப்பானது வார்விக்ஷயர் மாவட்டத்து வெல்ஸ்போர்னில் ஃபிஞ்ச், கோலியர் என்னும் இருவர் கண்டு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. கலந்து நட்ட பாத்தியில் கோசு ஈ குறைவாக முட்டையிடுவது ஏன்? மணமுள்ள செடிகள் விரட்டுகின்றன என்றே அதுவரை சொல்லி வந்தனர். அவர்கள் சோதித்தபோது, மணமற்ற பச்சை இலையும் அதே வேலையைச் செய்தது. பச்சைத் தாளும் செய்தது! கோசின் வாடையை உணர்ந்த ஈ, கண்ணிற்பட்ட ஏதோ ஒரு பச்சையின்மேல் இறங்குகிறது. அடுத்தடுத்துப் பலமுறை கோசிலையிலேயே இறங்கினால்தான் முட்டையிட முடிவு செய்கிறது. இடையில் வேறு இலை கால்பட்டால் கணக்கு முறிந்து, பறந்து விடுகிறது. வெறும் மண்ணில் கோசை மட்டும் வரிசையாக நட்டுக் களை பறித்து வைத்த துப்புரவான பாத்தியே அந்த ஈக்கு நாம் விரித்த பாய். இடமின்மையால் பூவும் கீரையும் கோசும் நெருக்கி நட்ட ஏழையின் கொல்லை, தான் அறியாமலே அதன் கண்ணைக் குழப்பிற்று.

தூபாவின் கதையோ வேறு விதமாக முடிந்தது. செடியிலிருந்து வந்தது, ஆகவே தீங்கற்றது என்று இயற்கை முறைப் பயிரிடுவோரும் டெர்ரிஸ் தூளைப் பல்லாண்டு தாராளமாகக் கையாண்டனர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ரோட்டெனோனை எலிகளின் உடலில் தொடர்ந்து செலுத்தியபோது, பார்க்கின்சன் நோயை ஒத்த குறிகள் அவற்றிடம் தோன்றின. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு ஒப்புதல் மறுத்தது. 2009-க்குப் பின் பிரிட்டிஷ் கொல்லையில் அதற்கு இடமில்லை. தூபா நஞ்சு என்பதை மலாய்ப் பழமொழி ஒருநாளும் மறைத்ததில்லை. டப்பாவின் மேல் ஒட்டிய தாளே மறைத்தது.

முள்ளெலிக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு காப்பளித்தது. ஆயினும் வேலிப்புதர்கள் மறைந்து, கொல்லைகளைப் பலகை வேலிகள் அடைத்தபின், இரவெல்லாம் நடந்து இரைதேடும் அவ்வுயிருக்கு வழியில்லாமற் போயிற்று. 2020-இல் பிரிட்டனின் அழிவுறும் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியலில் அதன் பெயரும் ஏறியது. ஓடில்லா நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குளிகைகளுக்கு 2022-ஆம் ஆண்டு வசந்தத்தில் திறந்தவெளிகளில் தடை வந்தது. இன்று அந்நாட்டில் அண்டை வீட்டார் கூடிப் பேசி, தத்தம் வேலியின் அடியில் பதின்மூன்று செண்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துளை அறுத்து வைக்கின்றனர். இருட்டியதும் அதன் வழியே முள்ளெலி ஒரு கொல்லையிலிருந்து மறு கொல்லைக்குச் செல்கிறது.